அடக்குமுறை இருந்தால்தான் நல்ல கலை வருமா? ஒரு வகுப்பில் வந்த கேள்வி

கோட்டோவியன்

வணக்கம் நண்பர்களே. பதினைந்து வருடமாக டிசைன் வேலை செய்கிறேன். வாரம் ஒரு நாள் மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். போன வாரம் போலந்தின் பழைய சினிமா போஸ்டர்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த காலத்தில், 1950களின் நடுவிலிருந்து 60கள் வரை ஹென்ரிக் தொமஷெவ்ஸ்கி, யான் லெனிட்சா, ரோமன் சிஷ்லேவிச் போன்றவர்கள் செய்தவை. நடிகர் முகம் பெரிதாக இருக்காது. தூரிகை இழுப்பு, கிழித்து ஒட்டிய காகிதம், கையால் எழுதிய எழுத்து, அவ்வளவுதான். பிள்ளைகள் அசந்துபோனார்கள்.

அப்போது ஒரு மாணவர் எழுந்தார். "சார், தணிக்கை இருந்ததால்தானே இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது? நேராகச் சொல்ல முடியாததால் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். நமக்கு எல்லாம் இருக்கிறது, ஒன்றும் வரவில்லை" என்றார். வகுப்பே தலையாட்டியது.

அது தவறு என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அதே பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வடக்குச்சாளரம்

உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் காட்டிய போஸ்டர்களின் தேதியிலேயே இருக்கிறது சார்.

போலந்தில் பிடி மிக இறுகியிருந்த காலம் 1949 முதல் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்த 1953 வரையும் அதற்கடுத்த ஓரிரு வருடங்களும். உழைப்பாளியையும் ஆட்சியையும் போற்றி வரையும் சோஷலிச யதார்த்தவாதம்தான் ஒரே வழி என்று கட்டளை. தணிக்கை கலையைக் கூர்மையாக்கும் என்றால் அந்தக் காலத்தில்தான் உச்சம் வந்திருக்க வேண்டும். வந்தது என்ன? நிமிர்ந்த மார்பும் உயர்த்திய சுத்தியலுமாக ஒரே அச்சில் வார்த்த போஸ்டர்கள். இன்று உலகமே கொண்டாடுகிற வேலைகளில் பெரும்பாலானவை பிடி தளர்ந்த பிறகு வந்தவை.

அப்புறம், சினிமா போஸ்டருக்குப் பணம் கொடுத்தது அரசு நிறுவனம். டிக்கெட் விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி அதற்கு இல்லை. அதனால் "நாயகன் முகத்தைப் பெரிசாப் போடு" என்று யாரும் சொல்லவில்லை. ஓவியருக்குக் கூலியும் கிடைத்தது, கையும் கட்டப்படவில்லை. அந்தப் போஸ்டர்களுக்குக் காரணம் கிடைத்த இடம்தான். நெரிக்கப்பட்ட கழுத்து இல்லை.

சிஷ்லேவிச், லெனிட்சா இரண்டு பேருமே 1963-ல் பாரிசுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் அந்த மாணவரிடம் சொல்லுங்கள்.

பாதி_இரவு

நான் அந்த வகுப்பில் இல்லை, ஆனால் அந்த மாணவர் கட்சிதான். சினிமா போஸ்டரை விடுங்கள். போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் சின்னம்? சிலி நாட்டுப் பெண்கள் தைத்த அர்பில்லேராக்கள்? அர்ஜென்டினாவின் நிழலுருவங்கள்? இவையெல்லாம் அடக்குமுறை இல்லாமல் பிறந்திருக்குமா? வலி இல்லாத இடத்தில் இவ்வளவு உண்மையான வடிவம் வந்ததாக ஒரு உதாரணம் காட்டுங்கள் பார்க்கலாம். சண்டைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நூல்கண்டு

தம்பி, அர்பில்லேரா பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் துணியில் ஒட்டுவேலை செய்கிறவள். பல வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் நான்கு அர்பில்லேராக்களை அருகில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து என் வேலையே மாறிப்போனது.

அடித்துணி சாக்கு. மாவு, சர்க்கரை வருமே, அந்தச் சாக்கு. அதன் மேல் கிழிந்த உடுப்புத் துண்டுகளை வெட்டித் தைத்திருப்பார்கள். மேலே வரிசையாக ஆண்டிஸ் மலை, ஒரு மூலையில் சூரியன். கீழே கட்டைவிரல் அளவில் துணிப் பொம்மைகள், கம்பளி நூலில் தலைமுடி. தூரத்தில் நின்று பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டுகிற படம் மாதிரி அவ்வளவு கலகலப்பாக இருக்கும். கிட்டே போனால் அந்தப் பொம்மைகளில் ஒன்றின் கையில் ஒரு தாள். அதில் நூலால் தைத்த வரி: "அவர்கள் எங்கே?"

1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு காணாமல் போனவர்களின் மனைவிகள், தாய்கள், சகோதரிகள்தான் முதலில் தைத்தவர்கள். தேவாலயத்தின் ஆதரவில் நடந்த பட்டறைகளில் கூடித் தைத்தார்கள். 1976-லிருந்து 'விக்காரியா தெ லா சொலிடாரிடாட்' என்ற தேவாலய அமைப்பு அந்தப் படங்களை வாங்கி ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பியது. அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சில படங்களில் தைத்த துண்டு, காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே வெட்டியது.

நான் பார்த்த ஒன்றில் ஒரு சின்னக் கட்டம் போட்ட துணி இருந்தது. ஆண்கள் சட்டைத் துணி. அதன் ஓரத்தை மடிக்காமல் தைத்திருந்தார்கள். எங்கள் வேலையில் ஓரம் மடிக்காவிட்டால் நூல் பிரியும், யாரும் அப்படி விடமாட்டோம். மடித்தால் அரை அங்குலம் உள்ளே போய்விடும். அந்த அரை அங்குலத்தையும் இழக்க மனம் வராமல்தான் விட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. என் ஊகம்தான், ஆனால் அதற்கப்புறம் அந்தப் படத்தின் முன் என்னால் நிற்க முடியவில்லை.

அடக்குமுறை இல்லாவிட்டால் இது பிறந்திருக்காது என்கிறாய். சரி, பிறந்திருக்காது. அந்தச் சட்டைக்காரர் வீட்டில் இருந்திருப்பார். அந்தப் பெண்ணைக் கேட்டால் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

பாதி_இரவு

அக்கா, அதை நான் யோசிக்கவில்லை. மன்னியுங்கள்.

ஆனாலும் கேள்வி எனக்குத் தீரவில்லை. பிறந்துவிட்டது, நம் முன்னால் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. அந்த அழகு எங்கிருந்து வந்தது?

அச்சகவாசி

முப்பது வருடமாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். தம்பி கேட்டதற்கு என் தொழில் பக்கத்திலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

போராட்டப் போஸ்டர்களின் 'பாணி' என்று புத்தகங்களில் எழுதுகிறார்களே, ஒரே நிறம், தடித்த எழுத்து, நிழலுருவம், பின்னால் வெற்று வெள்ளை, அதில் பாதிக்கு மேல் வேலை செய்கிற அவசரத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய தனித்தனி ஃபிரேம் வேண்டும். இரண்டாவது நிறம் போடவேண்டுமானால் முதல் நிறம் காயும் வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் தாளைச் சரியாக அதே இடத்தில் வைக்க வேண்டும். கதவு எப்போது தட்டப்படும் என்று தெரியாத வீட்டில் ஐந்நூறு ஈரத் தாள்களை எங்கே காயப் போடுவது? கொடி கட்டி மாட்டினால் ஜன்னல் வழியாகத் தெரியும். ஆகவே ஒரே நிறம். மெல்லிய கோடு போட்டால் நூறாவது தாளில் மை அடைத்துக்கொண்டு எழுத்து உடையும், ஆகவே தடித்த எழுத்து.

போலந்தில் 1981 டிசம்பர் 13-ல் ராணுவச் சட்டம் வந்த பிறகு, அதற்குக் கொஞ்ச வருடம் முன்பிருந்தே கூட, தலைமறைவு அச்சு வேலை பெரிய அளவில் நடந்தது. சலவை இயந்திரத்தில் துணி பிழிய இரண்டு ரப்பர் உருளை இருக்குமே, அதைக் கழற்றி அச்சு இயந்திரமாக ஆக்கினார்கள். கடையில் போய் மை கேட்டால் சந்தேகம் வரும் என்பதால், துணி துவைக்கும் பசையில் நிறத்தைக் குழைத்து மை செய்தார்கள். இதைப் படித்தபோது நானும் என் பட்டறையில் செய்து பார்த்தேன். சோப்புப் பசையில் கருப்புப் பொடி. முதல் பத்துத் தாள் சேறு மாதிரி வந்தது. தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, பதினைந்தாவது தாளிலிருந்து எழுத்து நின்றது. ஒரு நன்மை என்னவென்றால், கை கழுவினால் உடனே போய்விடுகிறது. நாங்கள் போடும் எண்ணெய் மை நகக்கண்ணில் மூன்று நாள் நிற்கும். அந்த ஊரில் அந்த மூன்று நாள் கறை ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதும்.

அந்த அழகு அடக்கியவன் கொடுத்ததில்லை. நெருக்கடியிலும் தொழில் சுத்தத்தை விடாத கை கொடுத்தது. கெட்ட மையில் நல்ல எழுத்து போடவேண்டும் என்று அந்த நேரத்திலும் ஒருவன் நினைத்திருக்கிறான் பாருங்கள்.

கோட்டோவியன்

அண்ணா, இதை வகுப்பில் சொல்ல அனுமதி வேண்டும். முடிந்தால் பசங்களைக் கூட்டிவந்து அந்த சோப்பு மையை அவர்கள் கையாலேயே இழுக்க வைக்க வேண்டும்.

சாலிடாரிட்டி சின்னத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது யெர்ஸி யானிஷெவ்ஸ்கி என்ற இளம் டிசைனர் வரைந்தது. சிவப்பில் ஒரே சொல். கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்வது மாதிரி எழுத்துகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். நடுவில் ஒரு எழுத்தின் தலையிலிருந்து கொடி பறக்கும். எந்த ஒரு எழுத்தையும் தனியாக எடுத்தால் விழுந்துவிடும் போலிருக்கும். நான் எத்தனையோ எழுத்துருக்களோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு சொல்லின் பொருளை எழுத்தின் நிற்கும் விதமே சொல்லிவிடுவது இதைப்போல் இன்னொன்றில் பார்த்ததில்லை.

கரித்துண்டு

நல்ல இழை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோருமே ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள். அடக்கப்பட்டவர்கள் செய்த டிசைனையே பார்க்கிறோம். அடக்கியவர்களுக்கும் டிசைனர் இருந்தார். அவர்களும் திறமைசாலிகள்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் மாணவர்களுக்குப் பாதியைத்தான் சொல்கிறோம்.

வடக்குச்சாளரம்

ஆமாம், அங்கேதான் எனக்கு நெஞ்சு கனக்கும்.

குஸ்தாவ் க்ளுட்ஸிஸ். லாட்வியாவில் பிறந்தவர். புரட்சியை முழு மனதோடு நம்பியவர். புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் போஸ்டர் செய்யும் கலையில் சோவியத் நாட்டின் முன்னோடி. 1930-ல் அவர் செய்த ஒரு போஸ்டரில் ஒரு பெரிய கை மேலே விரிந்திருக்கும். அதற்குள் சிறு சிறு கைகள் நிறைந்திருக்கும், திட்டத்தை நிறைவேற்றுவோம் என்பது சேதி. அதற்காக அவர் படம் பிடித்தது தன் சொந்தக் கையைத்தான். பிறகு ஸ்டாலின் உருவத்தைப் பெரிது பெரிதாக வைத்து எத்தனையோ போஸ்டர்கள். 1938 ஜனவரியில் கைது, அடுத்த மாதம் 26-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம் லாட்வியராக இருந்ததுதான். மனைவி வலென்டினா குலாகினாவும் போஸ்டர் கலைஞர். கணவருக்கு என்ன ஆனது என்ற உண்மை தெரியாமலே அவர் 1987-ல் இறந்தார்.

அலெக்சாந்தர் ரோட்சென்கோ கதை இன்னொரு மாதிரி. உஸ்பெகிஸ்தான் சோவியத் குடியரசின் பத்தாண்டு நிறைவுக்காக 1934-ல் ஒரு பெரிய புகைப்பட ஆல்பம் வடிவமைத்தார். உள்ளே அந்த நாட்டுத் தலைவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக. சில வருடத்தில் அந்தத் தலைவர்களில் பலர் 'மக்கள் விரோதிகள்' ஆனார்கள். அப்படிப்பட்டவர் படம் வீட்டில் இருந்தாலே ஆபத்து. ரோட்சென்கோ தன் சொந்தப் பிரதியை எடுத்து, அந்த முகங்கள் மேல் கருப்பு மையை ஊற்றி மூடினார். தான் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கத்தில், தன் கையால். அந்தப் பிரதி மிஞ்சியிருக்கிறது. கோட்டும் டையும் அப்படியே இருக்கும், கழுத்துக்கு மேலே ஒரு கருப்புக் குமிழ். மை சில இடத்தில் வழவழப்பான தாளில் பிடிக்காமல் வழிந்திருக்கும்.

தணிக்கை ஆளை மாற்றும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தணிக்கைக்காரர் வீட்டுக்கு வரவே வேண்டியிருக்கவில்லை.

கரித்துண்டு

அந்தப் பக்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்று யாராவது அதை 'சக்திவாய்ந்த அரூபக் கலை' என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது பயம். பயத்தைப் பயம் என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு பெயரும் சொல்கிறேன், இதில் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஃபிரான்ஸ் எர்லிஹ். ஜெர்மனியின் பௌஹவுஸ் டிசைன் பள்ளி மாணவர், கம்யூனிஸ்ட், நாஜி எதிர்ப்பு வேலைக்காகப் பிடிபட்டுப் பூஹன்வால்ட் முகாமில் கைதி. அங்கே முகாம் வாசல் இரும்புக் கதவுக்கு எழுத்து வடிவமைக்கச் சொல்கிறார்கள். 'அவரவருக்கு உரியது அவரவருக்கு' என்ற பொருள் வரும் வாசகம். கைதிகள் உள்ளேயிருந்து தினமும் படிக்கவேண்டும் என்பதற்காக எழுத்து உள்பக்கம் பார்த்து இருக்கும். எர்லிஹ் அதை நாஜிகள் கேலி செய்து துரத்திய பௌஹவுஸ் பாணி எழுத்திலேயே செய்தார். காவலர்கள் கண்டுபிடிக்கவில்லை. இன்றும் அந்தக் கதவு அங்கே நிற்கிறது.

எதிர்ப்பு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1939-ல் விடுதலையான பிறகும் அவர் அதே முகாமின் கட்டட அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தார். அப்படியானால்?

பாதி_இரவு

> அப்படியானால்?

அப்படியானால் அவர் ஒத்துழைத்தார் என்றுதானே அர்த்தம்? எழுத்து அழகாக இருந்தால் போதுமா? அந்த வாசகத்தின் கீழே ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

நூல்கண்டு

தம்பி, அவசரப்படாதே. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் கதை முடிந்திருக்கும். அந்த இடத்தில் நின்றிராத நாம் தீர்ப்பு எழுதக்கூடாது.

கரித்துண்டு

தீர்ப்பு எழுதக்கூடாது என்பதோடு முழுதாக ஒத்துப்போகிறேன் அம்மா. ஆனால் அதைக் கொண்டாடவும் தயங்குகிறேன். அந்த எழுத்தின் சேதி டிசைன் படித்த ஒருவருக்குத்தான் புரியும். உள்ளே பசியோடு வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது வாசகம் மட்டும்தான். நம் தொழிலின் கௌரவத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது சரியில்லை என்று படுகிறது. எர்லிஹுக்கு அது உள்ளுக்குள் மூச்சு விட ஒரு வழியாக இருந்திருக்கலாம். அது அவருடையது. நாம் அதைக் கிரீடமாக எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

பாதி_இரவு

அப்படிச் சொன்னால் புரிகிறது. 'ஒத்துழைத்தார்' என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டோவியன்

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் வாழ்க்கையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. முகாம் எங்கே, நான் எங்கே, ஒப்பிடவே கூடாது. இருந்தாலும் சொல்லவேண்டும். சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்துக்கு நிகழ்ச்சிப் போஸ்டர் செய்தேன். கூட்டத்தின் படத்தில் ஒருவர் பிடித்திருந்த அட்டையில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு நிமிட வேலை, அட்டையை வெள்ளையாக்கிக் கொடுத்தேன். இன்று ரோட்சென்கோவின் மை என்று படித்ததும் அந்த வெள்ளை அட்டைதான் கண்ணில் வந்தது. என்னை யாரும் மிரட்டவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அச்சகவாசி

இதைச் சொன்னதற்கு நன்றி. அச்சகத்தில் எங்களுக்கும் இது வரும். "இந்த வரி மட்டும் வேண்டாம்" என்று ஒருவர் சொல்வார், நாங்கள் சுரண்டி எடுப்போம். இனி ஏன் என்றாவது கேட்க வேண்டும்.

பாதி_இரவு

வெள்ளை அட்டை என்றதும் 2022 நவம்பரில் சீனாவில் நடந்தது ஞாபகம் வருகிறது. உரும்ச்சியில் ஒரு அடுக்குமாடித் தீ விபத்தில் ஆட்கள் இறந்தார்கள். கொரோனா கட்டுப்பாடுகளால்தான் மீட்பு தாமதமானது என்று மக்கள் கொதித்துத் தெருவுக்கு வந்தபோது, ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நின்றார்கள். எந்தச் சொல்லையும் தடை செய்யலாம். சொல்லே இல்லாத தாளை என்ன செய்வது?

எல்லா நாட்டிலும் இந்த விளையாட்டு நடந்திருக்கிறது போலிருக்கிறது. போலந்தில் ராணுவச் சட்டக் காலத்தில் ரேடியோ பெட்டியிலிருந்து எடுத்த ரெசிஸ்டரைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு நடந்தார்களாமே. அவர்கள் மொழியில் அந்தப் பொருளின் பெயரும் 'எதிர்ப்பு' என்ற சொல்லும் ஒரே வேர். விரோத்ஸ்வாஃப் நகரில் சுவர் வாசகங்களைப் போலீஸ் வெள்ளையடித்து மூடிய திட்டுகள் மேலேயே 'ஆரஞ்சு மாற்று' என்ற எதிர்ப்புக் குழுவினர் குட்டையான குள்ளர் உருவங்களை வரைந்தார்கள். அழித்த இடமே பலகை ஆகிவிட்டது.

வடக்குச்சாளரம்

நிறத்துக்கும் இது நடந்தது. 1980-ல் ரமல்லாவில் ஒரு ஓவியக் கூடத்தை இஸ்ரேல் ராணுவம் மூடியது. பாலஸ்தீனக் கொடியின் சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை நான்கையும் சேர்த்து வரையக்கூடாது, தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று அதிகாரி சொன்னதாக ஓவியர் ஸ்லிமான் மன்சூர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் தர்பூசணியே சின்னமாகிவிட்டது.

ருமேனியாவில் எழுத்தையே கண்காணித்தார்கள். 1983-ல் சௌஷெஸ்கு அரசு போட்ட ஆணைப்படி, தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் போலீசில் பதிவு செய்து எழுத்து மாதிரியும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஏதாவது ஒரு எழுத்து சற்றுச் சாய்ந்தோ தேய்ந்தோ இருக்கும். துண்டறிக்கை கிடைத்தால் எந்த வீட்டு இயந்திரம் என்று பிடித்துவிடலாம். அச்சகவாசி அண்ணனின் நகக்கண் மைபோல, எழுத்தின் தேய்மானமும் சாட்சி சொல்லும்.

அச்சகவாசி

தேய்ந்த எழுத்தை வைத்து எந்த அச்சகத்து வேலை என்று சொல்லிவிடுவோம், அது எங்களுக்குப் பெருமை. அதை வைத்து ஆள் பிடிப்பார்கள் என்று நினைக்கவே என்னவோ செய்கிறது.

ஸ்கிரீன் பிரிண்டிங் பேச்சு வந்ததால் தாமி ம்ன்யேலே பெயரைச் சொல்லாமல் போகமாட்டேன். தென்னாப்பிரிக்க ஓவியர். நிறவெறி அரசிடமிருந்து தப்பி எல்லைக்கு அந்தப் பக்கம், போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேயில் இருந்தார். அங்கே 'மெடு' என்ற கலைக்குழுவில் போஸ்டர் செய்தார். மெடு என்றால் செபெடி மொழியில் வேர்கள். போஸ்டர்களை எல்லை தாண்டிக் கடத்துவார்கள். ஒரு சூட்கேசுக்குள் அடங்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் சாமானையே வடிவமைத்தார்கள், எங்கே போனாலும் பெட்டியைத் திறந்து அச்சடிக்கலாம். 1985 ஜூன் 14 அதிகாலை தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து வீடு வீடாகச் சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள், ம்ன்யேலே அதில் ஒருவர். மெடு அதோடு கலைந்தது.

அவர் வரைந்த கோடுகளைப் பார்த்தால் இன்னும் முப்பது வருடம் வரைந்திருக்க வேண்டிய கை என்று தெரியும். கோட்டோவியன் தம்பி, அந்த மாணவரிடம் இதையும் சொல்லுங்கள். மிஞ்சிய போஸ்டரை எண்ணுகிறோம், வராமலே போனதை யாரால் எண்ண முடியும்?

கரித்துண்டு

இதுதான் விஷயம். சிரியாவின் டமாஸ்கசில் 2011 ஆகஸ்டில் கார்ட்டூனிஸ்ட் அலி ஃபர்சாத்தை முகமூடிக்காரர்கள் கடத்திப்போய்க் கைகளை அடித்து உடைத்தார்கள். கைகளைத்தான் குறிவைத்தார்கள். கலை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

நூல்கண்டு

பாதி_இரவு தம்பி முதலில் கேட்ட அர்ஜென்டினா நிழலுருவங்களுக்கு யாரும் வரவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 1983 செப்டம்பர் 21, ராணுவ ஆட்சியின் கடைசி மாதங்கள். மூன்று கலைஞர்கள் ஒரு யோசனையோடு, காணாமல் போனவர்களின் அன்னையர் அமைப்பிடம் போனார்கள். காணாமல் போனவர்களாகச் சொல்லப்படும் 30,000 பேருக்கும் ஆளுயர நிழலுருவம் வரைய வேண்டும் என்பது யோசனை. பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் காகிதச் சுருளை விரித்தார்கள். வழியில் போகிறவர்கள் வந்து அதன்மேல் படுத்துக்கொள்வார்கள், இன்னொருவர் சுற்றிக் கோடு போடுவார். எழுந்து போன பிறகு காகிதத்தில் ஒரு காலி உருவம் இருக்கும். அதை நிமிர்த்திச் சுவரில் ஒட்டினார்கள். கர்ப்பிணியின் உருவம் வேண்டும் என்று ஒருவர் தலையணையை வயிற்றில் வைத்துக்கொண்டாராம்.

பெயர் எழுத வேண்டாம் என்றார்கள் அன்னையர். பட்டியல் முழுமையில்லை, விடுபட்டவர்களுக்கு அநியாயம் ஆகிவிடும் என்பதால். ஆனாலும் ஆட்கள் தானாகவே வந்து பெயரையும் காணாமல் போன தேதியையும் எழுதிவிட்டுப் போனார்கள். நான் அந்த அன்னையர் சொன்னதும் சரி, எழுதியவர்கள் செய்ததும் சரி என்பேன்.

பாதி_இரவு

இன்னொருவர் காலி இடத்தில் உயிரோடு இருப்பவர் படுத்துக்கொள்வது... இதை டிசைன் என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கோட்டோவியன்

தம்பி, டிசைன்தான். தயங்காமல் சொல்லலாம். யாருக்கும் வரையத் தெரிய வேண்டியதில்லை, காகிதமும் பெயிண்டும் போதும், அளவு உடம்பே கொடுத்துவிடும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கைகளால் செய்யலாம். இதைவிடத் தெளிவான டிசைன் முடிவுகளை நான் எந்த ஸ்டுடியோவிலும் பார்த்ததில்லை.

அடுத்த வகுப்புக்கு என்ன எடுத்துப்போவது என்று தெரிந்துவிட்டது. போலந்துப் போஸ்டர்களை மறுபடி காட்டுவேன், இந்த முறை 1950-ம் வருடத்து வேலைகளையும் பக்கத்தில் வைத்து. அப்புறம் ரோட்சென்கோவின் பக்கங்கள். பிறகு சோப்பு மை. என் வெள்ளை அட்டைக் கதையையும் சொல்வேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

நூல்கண்டு

ஒன்று சேருங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ்.

அவரும் பௌஹவுசில் படித்தவர். துணி, மேடை, உள்ளலங்காரம் எல்லாம் செய்தவர். யூதர் என்பதால் 1942 டிசம்பரில் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு இவ்வளவு எடைதான் கொண்டுபோகலாம் என்ற கட்டுப்பாடு. அவர் அதில் ஓவியச் சாமான்களைக் கொண்டுபோனார். அங்கே இருந்த குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். தாள் கிடைக்காதபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம். பௌஹவுசில் தனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சிகள்தான், கோட்டின் தாளம், துண்டுக் காகிதம் ஒட்டுவது, ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே வரைவது. முகாமில் எல்லோரும் எண்களாக இருந்தார்கள். அவர் ஒவ்வொரு குழந்தையையும் படத்தில் தன் பெயரை எழுத வைத்தார்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்கள் இரண்டு சூட்கேசில் ஒளித்து வைக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவை பிராக் நகருக்கு வந்து சேர்ந்தன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. படங்கள் இப்போது பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இணையத்தில் கொஞ்சம் பார்க்கலாம். பட்டாம்பூச்சி, வீடு, மேசை, ஜன்னலில் பூச்சட்டி. கீழே ஓரத்தில், பென்சிலில், அழுத்தி எழுதிய பெயர். சிலதில் எழுத்து பெரிதாகத் தொடங்கி இடம் போதாமல் கடைசி எழுத்துகள் மேலே ஏறி மடங்கியிருக்கும். வகுப்பில் காட்டும்போது படத்தோடு அந்த மூலையையும் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

கோட்டோவியன்

காட்டுகிறேன் அம்மா. பெயர்களை வாசித்தே காட்டுகிறேன்.